தேதி வரம்பில் ஒரு நாள் எங்கே போகிறது? ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளை அறிகுறி வழியே பிடிக்க

விடுதி அறைக்கு மார்ச் 10 முதல் 12 வரை என்று ஒருவர் முன்பதிவு செய்கிறார். திரையில் 10 என்றே தெரிகிறது. தரவுத்தளத்தைத் திறந்தால் 9 முதல் 11 வரை என்று பதிவாகியிருக்கிறது. நான் எழுதிய நிரலில் இது நடந்தது. ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியபோது, அவர்களுடைய இரண்டாவது இரவு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அன்று முதல் தேதி வரம்பில் நான் சந்தித்த ஒவ்வொரு பிழையையும் அதன் அறிகுறியோடு குறித்துவைத்து வருகிறேன். அந்தக் குறிப்புகளே இவை. ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் 'டேட்' பெயரளவில்தான் தேதி. அதற்குள் இருப்பது ஒரே ஓர் எண்: 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகள். அது ஒரு கணத்தைக் குறிக்கிறது. நாட்காட்டியில் நாம் விரல் வைத்துக் காட்டும் 'மார்ச் 10' ஒரு கணமல்ல, ஒரு கட்டம். சென்னையில் அந்தக் கட்டம் தொடங்கும்போது நியூயார்க்கில் இன்னும் மார்ச் 9 பிற்பகல். விடுதிப் பதிவு, விடுப்பு, பிறந்தநாள், வாடகைத் தவணை எல்லாம் நாட்கள். பணம் செலுத்திய நேரம், உள்நுழைந்த நேரம் போன்றவை கணங்கள். நிரலில் தேதி என்று வரும் ஒவ்வொரு மாறியையும் பார்த்து 'இது நாளா, கணமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக் கணமாகச் சேமித்த இடத்தில்தான் பெரும்பாலும் பிழை உட்கார்ந்திருக்கும்.

முதல் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும், சந்தேகப்படும் மதிப்பை மூன்று விதமாக அச்சிடுங்கள். முதலில் 'கெட் டைம்' தரும் எண், பிறகு 'டூ ஸ்ட்ரிங்', கடைசியில் 'டூ ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்'. முதலாவது 'நான்' என்று வந்தால் (எண் அல்ல என்பதற்கான அடையாளம்) தேதியைப் படித்ததிலேயே கோளாறு. இரண்டாவதும் மூன்றாவதும் வேறு வேறு நாளைக் காட்டினால் நேர மண்டலச் சிக்கலாக இருக்கலாம். மூன்றும் நீங்கள் எதிர்பார்த்தபடி இருந்தால் ஒப்பீட்டையோ எல்லையையோ ஆராயுங்கள்.

'கன்சோல் லாக்' ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அதே டேட்டை நோட் (பிரவுசருக்கு வெளியே, சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) யுடிசியில் அச்சிடும், பிரவுசர் உள்ளூர் நேரத்தில் அச்சிடும். சர்வரிலும் பிரவுசரிலும் இருவேறு மதிப்புகள் இருப்பதாக எண்ணி, இல்லாத பிழையைத் தேடி ஒரு நாளைச் செலவழிப்பது மிக எளிது.

"தேர்ந்தெடுத்தது 10, சேமித்தது 9"

இந்தியாவில் எழுதப்படும் நிரல்களில் நான் அதிகம் பார்த்த அறிகுறி இதுதான். நாட்காட்டிப் பெட்டி பெரும்பாலும் உள்ளூர் நள்ளிரவை டேட்டாகத் தருகிறது. அதை 'டூ ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' மூலம் சரமாக்கி (எழுத்து வரிசையாக்கி), முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்து அனுப்புகிறோம். இந்திய நேரம் யுடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மார்ச் 10 நள்ளிரவு யுடிசியில் மார்ச் 9 மாலை 18:30. வெட்டி எடுத்த பத்து எழுத்தில் 9 தான் இருக்கும்.

இதே பிழைக்கு இன்னொரு வடிவம் உண்டு. இன்றைய தேதியைக் காண, இந்தக் கணத்தை எடுத்து அதே முறையில் வெட்டுகிறோம். அப்போது பிழை நள்ளிரவு முதல் அதிகாலை 5:30 வரை மட்டுமே வெளிப்படும். பகலில் வேலை செய்யும் சோதனைக் குழு அதை ஒருநாளும் பார்க்காது. 'சில சமயம் மட்டும் ஒரு நாள் குறைகிறது' என்று புகார் வந்தால், அந்தப் பதிவுகள் எந்த மணியில் உருவானவை என்று பாருங்கள். 5:30க்கு முன்பாகவே எல்லாம் குவிந்திருந்தால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

தீர்வு நேரடியானது. 'கெட் ஃபுல் இயர்', 'கெட் மந்த்', 'கெட் டேட்' மூன்றையும் எடுத்து, மாதத்தோடு ஒன்றைக் கூட்டி, 'பேட் ஸ்டார்ட்' கொண்டு இரண்டு இலக்கமாக்கி நீங்களே சரத்தை அமையுங்கள். மாதத்தோடு ஒன்று கூட்டுவது கட்டாயம்: ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரி 0, டிசம்பர் 11. 1995ல் மொழியை உருவாக்கியபோது ஜாவாவின் தேதி வகுப்பிலிருந்து அப்படியே வந்த வழக்கம் அது. நிரல் சர்வரில் ஓடுகிறது, ஆனால் இந்தியத் தேதிதான் வேண்டும் என்றால், 'இன்டல் டேட் டைம் ஃபார்மட்'டுக்கு 'ஏசியா/கொல்கத்தா' என்ற நேர மண்டலத்தைக் கொடுத்து ஆண்டு, மாதம், நாள் பகுதிகளைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கணத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டு வெட்டினால் இன்றைக்குச் சரியாக வரும். ஆனால் அந்த மாறி இப்போது உண்மையில்லாத ஒரு கணத்தைச் சுமக்கிறது. அடுத்து வருபவர் அதை வேறொரு கணத்தோடு ஒப்பிடுவார், அல்லது திரையில் காட்டுவார். ஐந்தரை மணி நேரம் இரண்டாம் முறையும் கூடும்.

"இங்கே சரியாக இருக்கிறது, அமெரிக்காவில் ஒரு நாள் குறைத்துக் காட்டுகிறது"

முந்தையதன் எதிர்த் திசை இது. சர்வரிலிருந்து '2024-03-10' என்ற சரம் வருகிறது, அதை அப்படியே டேட்டுக்குக் கொடுக்கிறோம். நேரம் இல்லாத இந்த வடிவத்தை யுடிசி நள்ளிரவாகப் படிக்க வேண்டும் என்பது மொழியின் விதி. இந்தியாவில் அது மார்ச் 10 காலை 5:30 ஆகிறது, நாள் மாறவில்லை, நமக்குத் தெரிவதும் இல்லை. நியூயார்க்கில் அது மார்ச் 9 மாலை 7 மணி.

அதே சரத்தோடு நேரத்தைச் சேர்த்து, நேர மண்டலம் குறிக்காமல் கொடுத்தால், விதி மாறி உள்ளூர் நேரமாகப் படிக்கப்படும். சாய்கோடு போட்ட வடிவத்துக்கோ விதியே இல்லை, அந்தந்த பிரவுசர் விட்ட வழி. ஒரே நாளை மூன்று விதமாக எழுதினால் வேறு வேறு கணங்கள் கிடைக்கக்கூடும் என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஆனால் நிலைமை அதுதான்.

இந்தியாவுக்குள்ளேயும் இது சேதம் செய்யும். 'மார்ச் 10 முதல்' என்ற வடிகட்டியின் தொடக்கம் காலை 5:30 ஆகிவிடுவதால், அன்று விடியற்காலை நடந்த பரிமாற்றங்கள் அறிக்கையில் வராது. இரவு நேர பஸ் டிக்கெட், பால் விநியோகம் போன்ற கணக்குகளில் உடனே தெரிந்துவிடும். அலுவலக நேரக் கணக்குகளில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

சரத்தை நீங்களே மூன்றாகப் பிரித்து எண்களாக்கி, மாதத்தில் ஒன்றைக் கழித்து, டேட்டுக்குத் தனித்தனியாகக் கொடுங்கள். அப்போது உள்ளூர் நள்ளிரவு கிடைக்கும். அதைவிட நல்ல வழி, தேவைப்படாத வரை டேட்டாக மாற்றாமலே இருப்பது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பூஜ்யங்களோடு எழுதப்பட்ட சரங்களை நேரடியாகவே சிறிது பெரிது என்று ஒப்பிடலாம், அகரவரிசையும் காலவரிசையும் ஒன்றாகவே இருக்கும்.

"கடைசி நாளின் பதிவுகள் வரவில்லை"

மார்ச் 1 முதல் 31 வரை அறிக்கை கேட்டால் 30 வரைதான் வருகிறது. காரணம், முடிவுத் தேதியை 31ஆம் தேதி நள்ளிரவாக, அதாவது 31 தொடங்கும் கணமாக வைத்திருக்கிறோம்.

பெரும்பாலோர் உடனே செய்யும் ஒட்டுவேலை, முடிவை 23:59:59 ஆக்குவது. அப்போது அந்தக் கடைசி வினாடிக்குள் நடந்தவை விடுபடும். அதைக் கண்டுபிடித்ததும் 999 மில்லிவினாடி சேர்க்கப்படும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மைக்ரோவினாடி வரை சேமிக்கிறது, ஆகவே இடைவெளி இன்னும் அடைபடவில்லை. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் பழைய 'டேட்டைம்' வகையிலோ நிலைமை தலைகீழ். அதன் நுணுக்கம் ஏறத்தாழ 3 மில்லிவினாடி என்பதால் .999 என்பது மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டு மறுநாள் நள்ளிரவாகிவிடும், ஏப்ரல் 1 நள்ளிரவுப் பதிவு மார்ச் கணக்கில் நுழையும். ஒன்பதுகளை அடுக்கிக்கொண்டே போவதால் இதைத் தீர்க்க முடியாது.

தொடக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிவைச் சேர்க்காதீர்கள். மார்ச் மாதம் என்றால் மார்ச் 1 நள்ளிரவு அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1 நள்ளிரவுக்கு முன். கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982ல் எண் வரிசைகளுக்கு இந்த முறையையே பரிந்துரைத்தார். இரு எல்லைகளையும் கழித்தால் நீளம் கிடைக்கிறது, ஒரு வரம்பு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்குகிறது என்று அவர் சொன்ன காரணங்கள் தேதிக்கும் அப்படியே பொருந்தும்.

விடுதிப் பதிவில் இதன் அருமை தெரியும். 12ஆம் தேதி காலி செய்பவரும் அதே 12ஆம் தேதி வருபவரும் மோதக் கூடாது. மோதலைச் சோதிக்க இரண்டே ஒப்பீடுகள் போதும்: முதல் பதிவின் தொடக்கம் இரண்டாவதன் முடிவுக்கு முன்னால் இருக்க வேண்டும், இரண்டாவதன் தொடக்கம் முதலாவதன் முடிவுக்கு முன்னால் இருக்க வேண்டும். இரண்டும் உண்மையானால் மோதல். 'ஒன்று மற்றொன்றுக்குள் இருக்கிறதா, இடப்பக்கம் தொடுகிறதா, வலப்பக்கம் தொடுகிறதா' என்று ஆறு நிபந்தனைகளை அடுக்கிய நிரல்களைப் பார்த்திருக்கிறேன், அவற்றில் ஒன்றாவது தவறாகவே இருந்தது.

தேதிக் கணக்குக்கு ஆயத்த நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் எல்லை விதியையும் படித்துவிடுங்கள். 'டேட் எஃப்என்எஸ்' நூலகத்தில் 'இஸ் விதின் இன்டர்வல்' இரு முனைகளையும் சேர்த்துக்கொள்கிறது. அதே நூலகத்தின் 'ஆர் இன்டர்வல்ஸ் ஓவர்லாப்பிங்' முனை மட்டும் தொடுவதை மோதலாகக் கொள்வதில்லை, தனியாகக் கேட்டால் மட்டுமே கொள்ளும்.

"நாட்களின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது, அல்லது தசமத்தில் வருகிறது"

இரண்டு கணங்களைக் கழித்து, 24 மணி நேரத்தின் மில்லிவினாடிகளான 86,400,000 ஆல் வகுக்கிறோம். ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்ற நம்பிக்கை அதில் புதைந்திருக்கிறது. கோடைக்கால நேரம் கடைப்பிடிக்கும், அதாவது கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்திப் பிறகு பின்னே கொண்டுவரும் ஊர்களில் அது பொய். நியூயார்க்கில் 2024 மார்ச் 10க்கு 23 மணி நேரம், நவம்பர் 3க்கு 25 மணி நேரம். மார்ச் 9 முதல் 12 வரை கழித்தால் 71 மணி நேரம் வரும். கீழ்நோக்கி முழுமையாக்கும் 'ஃப்ளோர்' அதை இரண்டு நாளாக்கிவிடும், மேல்நோக்கி முழுமையாக்கும் 'சீல்' மார்ச்சில் காப்பாற்றி நவம்பரில் ஒரு நாளைக் கூட்டும்.

இந்தியாவில் கோடைக்கால நேரம் இல்லை. அதனால் நம் கணினியில் இந்தப் பிழை தோன்றவே தோன்றாது, வெளிநாட்டு வாடிக்கையாளர்தான் முதலில் காண்பார். இலங்கையிலும் இன்று அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் 2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு நகர்த்தி, யுடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்ற நிலைக்குத் திரும்பியது. கொழும்பின் பழைய தரவுகளைக் கையாளும் நிரலில் அந்த நாளைத் தாண்டும் வரம்புகள் அரை மணி கூடுதலாக வரும்.

இரு தேதிகளின் ஆண்டு, மாதம், நாள் எண்களை மட்டும் எடுத்து 'டேட் டாட் யுடிசி'க்குக் கொடுத்து, பிறகு கழித்து வகுங்கள். யுடிசியில் கடிகாரம் நகர்வதில்லை என்பதால் முழு எண்ணே வரும். அடுத்த நாளுக்குப் போகும்போதும் மில்லிவினாடிகளைக் கூட்டாதீர்கள், 'செட் டேட்' மூலம் நாள் எண்ணில் ஒன்றைக் கூட்டுங்கள். மாதக் கடைசியைத் தாண்டினால் அது தானாக அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

கணக்கு சரியாக இருந்தும் புகார் வந்தால், நிரலை விட்டுவிட்டு கேட்டவரிடம் பேசுங்கள். 10 முதல் 12 வரை என்பது விடுதிக்காரருக்கு இரண்டு இரவு, விடுப்பு விண்ணப்பத்தில் மூன்று நாள்.

"பட்டியலில் எல்லா நாளும் ஒரே நாளாக இருக்கிறது"

லூப்புக்குள் ஒரே டேட் ஆப்ஜெக்ட்டை 'செட் டேட்' மூலம் நகர்த்தி, அதையே பட்டியலில் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். பட்டியலில் முப்பது இடங்கள் இருந்தாலும் ஆப்ஜெக்ட் ஒன்றுதான், கடைசியாக நகர்ந்த இடத்தையே எல்லாம் காட்டும். தள்ளும் முன் ஒவ்வொரு முறையும் புதிய டேட்டாக நகலெடுங்கள். வரம்பைப் பெறும் ஃபங்ஷனும் உள்ளே நுழைந்தவுடன் நகலெடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழைத்தவருடைய தொடக்கத் தேதியும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

லூப் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஒப்பீட்டைப் பாருங்கள். இரண்டு டேட்கள் ஒரே கணத்தைக் குறித்தாலும் மூன்று சமக்குறி அவற்றைச் சமம் என்று சொல்லாது, அவை தனித்தனி ஆப்ஜெக்ட்கள். சிறிது, பெரிது ஒப்பீடுகள் எண்ணாக மாற்றிப் பார்ப்பதால் சரியாக வேலை செய்கின்றன. சமத்துக்கு மட்டும் 'கெட் டைம்' எண்களை ஒப்பிட வேண்டும்.

"மாதக் கடைசியில் மட்டும் பிப்ரவரி காணாமல் போகிறது"

ஜனவரி 31ஐ எடுத்து மாதத்தில் ஒன்றைக் கூட்டினால் பிப்ரவரி 31 என்று ஒரு நாள் இல்லாததால் மிச்ச நாட்கள் வழிந்து 2023ல் மார்ச் 3, 2024ல் மார்ச் 2 என்று வந்து நிற்கும். மாதப் பட்டியல் வேண்டுமென்றால் முதலில் நாளை 1 ஆக்கிவிட்டு மாதத்தைக் கூட்டுங்கள். மாதத்தின் கடைசி நாளுக்கு, அடுத்த மாதத்தின் 0ஆம் நாளைக் கேளுங்கள், அது முந்தைய மாதத்தின் கடைசி நாளைத் தரும்.

வாடகைத் தவணை போல மாதந்தோறும் வரும் தேதிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முந்தைய தவணையிலிருந்து கணக்கிட்டால் 31, 28 ஆகி, அதன்பின் எல்லா மாதமும் 28ஆகவே நின்றுவிடும். எப்போதும் முதல் தேதியிலிருந்து எத்தனை மாதம் என்று எண்ணி, 31 அல்லது அந்த மாதத்தின் கடைசி நாள், இதில் எது சிறிதோ அதை எடுங்கள்.

"பிழைச் செய்தியே இல்லை, ஆனால் பட்டியல் காலி"

செல்லாத டேட்டுக்குள் 'நான்' இருக்கும். அதனோடு செய்யும் சிறிது, பெரிது ஒப்பீடு எல்லாம் பொய் என்றே வரும், நிரல் எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். நம் ஊர் முறைப்படி '13/04/2024' என்று கொடுத்தால் பிரவுசர்கள் மாதத்தை முதலில் படிப்பதால் 13ஆம் மாதம் இல்லாமல் செல்லாததாகும். அதைவிட ஆபத்தானது '03/04/2024'. ஏப்ரல் 3 என்று நாம் எழுதியது மார்ச் 4 ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. '12ஆம் தேதி வரை வேலை செய்தது, 13 முதல் வரவில்லை' என்று யாராவது சொன்னால், அந்தப் பன்னிரண்டு நாட்களில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் ஒன்றைத் தவிர மற்றவை தவறாகவே வேலை செய்திருக்கின்றன.

ஜேசான் (சர்வரும் பிரவுசரும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவம்) வழியாக வந்த தேதி சரமாகவே இருக்கும், மறுபடி டேட்டாக்காமல் ஒரு டேட்டோடு ஒப்பிட்டாலும் இதே காலிப் பட்டியல்தான்.

பார்த்தவுடன் அடையாளம் தெரியும் சில: 1970 ஜனவரி 1 காலை 5:30 வந்தால் 'நல்' என்ற வெற்று மதிப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். 1970 ஜனவரி 20 அல்லது 21 வந்தால் வினாடிகளை மில்லிவினாடிகளாக எண்ணியிருக்கிறீர்கள், ஆயிரத்தால் பெருக்குங்கள். வரிசைப்படுத்தியதில் வெள்ளிக்கிழமைகள் முதலிலும் புதன்கிழமைகள் கடைசியிலும் வந்தால், 'சார்ட்' ஆங்கிலக் கிழமைப் பெயர்களின் அகரவரிசையில் அடுக்கியிருக்கிறது. இரு தேதிகளைக் கழித்துத் தரும் ஃபங்ஷன் ஒன்றை அதற்குக் கொடுங்கள்.

திருத்திய பின் சோதிக்க

நோட்டை இயக்கும்போது 'டீஇசட்' என்ற சூழல் மாறியில் நேர மண்டலத்தைக் குறிக்கலாம். ஒரே சோதனைத் தொகுப்பை கொல்கத்தா, யுடிசி, நியூயார்க் மூன்றிலும் ஓட்டுங்கள். யுடிசியின் இருபுறமும் ஒவ்வோர் ஊர் இருப்பதால் முதல் இரண்டு அறிகுறிகளும் ஒளிய இடம் இருக்காது. சோதனைத் தேதிகளில் ஜனவரி 31, பிப்ரவரி 29, ஆண்டு மாறும் இரவு, நியூயார்க்கில் கடிகாரம் நகரும் நாள் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஜாவாஸ்கிரிப்ட்டின் புதிய தேதி, நேர வசதியான 'டெம்போரல்' பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. 2025 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 139 அதைச் சேர்த்துக்கொண்டது. அதில் 'பிளெயின் டேட்' என்பது நாள், 'இன்ஸ்டன்ட்' என்பது கணம், இரண்டும் தனித்தனி வகைகள். மாதம் 1லிருந்து தொடங்குகிறது, ஆப்ஜெக்ட் மாறுவதில்லை, ஜனவரி 31ஓடு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரிக் கடைசியில் நிற்கிறது. மாறாக, 'மொமென்ட்' நூலகத்தை இனிப் புதிய வேலைக்கு எடுக்காதீர்கள், 2020லேயே அதை உருவாக்கியவர்கள் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நிரலைத் திருத்தினாலும் ஏற்கெனவே தவறாகச் சேமித்தவை அப்படியே இருக்கும். தரவுத்தளத்தில் முழுக் கணமும் இருந்தால் அதிர்ஷ்டம்: நேரப் பகுதி 18:30 என்று இருக்கும் ஒவ்வொரு பதிவும் இந்திய நள்ளிரவிலிருந்து வந்தது, அதை இந்திய நேரத்துக்கு மாற்றினால் சரியான நாள் திரும்பக் கிடைக்கும். பத்து எழுத்துகளை மட்டும் சேமித்திருந்தால் எது தவறியது, எது தவறவில்லை என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை. எங்கள் விடுதியில் அப்படித்தான் இருந்தது. வரவேற்பறை மேசையில் கையால் எழுதிவந்த பதிவேட்டை எடுத்துவைத்து, வரிசை வரிசையாக ஒப்பிட்டுத் திருத்தினோம். இப்போது அந்த அட்டவணையில் வருகைத் தேதியும் புறப்படும் தேதியும் நேரமே இல்லாத தேதி வகையில் இருக்கின்றன, பணம் செலுத்திய கணம் தனி நெடுவரிசையில் யுடிசியில் இருக்கிறது.